ஞாயிற்றுக்கிழமை கற்றது புதன்கிழமைக்கு

சென்ற மாதம் இப்பகுதியில், மாற்றலாகி வரும் நம்மவர் வாடகை வீடு தேடும்போது கவனிக்க வேண்டியவற்றைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர்கள் சிலர், "வீடு அமைந்துவிட்டது, கைக்குழந்தையும் இருக்கிறது, விடுமுறை நாட்களில் இந்தக் கொல்கத்தாவில் எங்கே போகலாம், எப்படிப் போகலாம் என்பதையும் எழுதக்கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும். ஆனால் அந்தப் பட்டியலை எதற்காகக் கையில் எடுக்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நோக்கம் தெரிந்தால் இடம் தானே அமையும்.

மாற்றலாகி வரும் குடும்பத்தில் புதிய ஊர் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. உத்தியோகத்துக்குப் போகிறவனுக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது. காலையில் பேருந்து நிறுத்தத்தில் நாலு முகம், அலுவலகத்தில் பத்து முகம், தேநீர்க் கடையில் இரண்டு சொல் என்று மூன்று மாதத்துக்குள் ஊர் அவனுக்குப் பிடிபட்டுவிடுகிறது. வீட்டில் இருக்கும் பெண்மணிக்கோ ஊர் என்பது ஒரு சன்னல், எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி, காலையில் வந்து விழும் பால் பாக்கெட் ஆகியவையே. மடியில் குழந்தையும் இருந்துவிட்டால் வாசற்படியே எல்லையாகிவிடுகிறது.

இதன் முடிவு என்னவென்பதை நம்மவர் இல்லங்கள் பலவற்றில் கண்டிருக்கிறோம். "குழந்தை கொஞ்சம் வளரட்டும்" என்று தாயையும் சேயையும் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு சம்பளத்தில் இரண்டு அடுப்பு எரிகிறது. தகப்பன் ஒரு மூலையில் பொங்கித் தின்கிறான். குழந்தைக்குத் தகப்பன் என்பவன் தொலைபேசியில் தெரியும் முகமாகிவிடுகிறான். கொஞ்சம் வளரட்டும் என்றது பள்ளியில் சேரட்டும் என்றாகி, பள்ளி முடியட்டும் என்பதில் போய் நிற்கிறது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. வேறு வழியில்லாதவர்களும் உண்டு. ஆனால் வழி இருந்தும், ஊரைக் கண்டு ஏற்பட்ட மலைப்பினால் மட்டுமே பிரிந்தவர்களும் உண்டு.

நம் இல்லத்திலும் இந்தப் பேச்சு எழாமல் இல்லை. நம் குழந்தை பிறந்தது திருச்சியை அடுத்த பொன்மலையில், தாய்வீட்டில். நான்கு மாதக் குழந்தையோடு கார்த்திகை மாதத்தில் கார்டன் ரீச் பக்கத்து இரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார் நம் துணைவியார். வந்து இரண்டு வாரம் ஆவதற்குள் மாமியாரிடமிருந்து தொலைபேசி வந்தது. "மாப்பிள்ளை, பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு பாஷை தெரியாத ஊரில் அவள் ஒருத்தியாக என்ன செய்வாள்? நடக்கிற வயது வரும் வரையிலாவது இங்கே இருக்கட்டுமே" என்றார் அந்த அம்மையார். சென்னை வரையே 1,600 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு அப்பால் திருச்சி. பெற்ற மனம் கவலைப்படத்தானே செய்யும்! கடைசியில், சித்திரைப் பிறப்பு வரை பார்ப்பது, அதற்குள் மனம் பொருந்தாவிட்டால் பாஸ் எழுதி ஊருக்கு அனுப்பிவிடுவது என்று மூவரும் பேசி முடிவு செய்தோம். ஐந்து மாத அவகாசம். கணக்குப் பார்த்தால் இருபது ஞாயிற்றுக்கிழமைகள்.

அந்த முதல் ஞாயிறே துணைவியார் ஒரு நிபந்தனை விதித்தார். "காசை என் கையில் கொடுத்துவிடுங்கள். வழியையும் நானே கேட்கிறேன். நீங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தால் போதும்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருக்கிறீர்கள், புதன்கிழமை யார் இருப்பார்கள்?" என்று பதில் வந்தது. இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல நினைப்பது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உலா வேடிக்கைக்காக மட்டும் அன்று. கணவன் உடன் இல்லாத வாரநாளில், இடுப்பில் குழந்தையோடு ஒரு தாய் தனியே வெளியே போய்த் திரும்பத் துணிவு வேண்டுமே, அதற்கான ஒத்திகை அது. எத்தனை இடம் பார்த்தோம் என்பது கணக்கில் சேராது. எத்தனை தெரு கைவசமாயிற்று என்பதே கணக்கு.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கு ஓர் இடம், ஒரு புதிய தெரு, இரண்டு புதிய சொற்கள் என்று வைத்துக்கொண்டோம். அரை நாளுக்கு மேல் போவதில்லை. மார்கழி, தை மாதங்களில் பனிமூட்டம் விலகிய பின் பத்து மணிக்குப் புறப்பட்டு மூன்று மணிக்குள் திரும்பலாம். பங்குனிக்குப் பின் காலை ஆறரைக்குக் கிளம்பிப் பத்தரைக்குள் வீடு வந்துவிட வேண்டும். தள்ளுவண்டி வைத்திருப்பவர்கள் அதைப் பூங்காக்களுக்கு மட்டும் எடுத்துச் செல்லலாம். கடைகள் நிறைந்த இந்த ஊர் நடைபாதைகளில் அது நகராது. பழைய நூற்புடவை ஒன்று இருந்தால் போதும். அதுவே வெயிலுக்குக் குடை, குளிருக்குப் போர்வை, புல்தரையில் பாய். பால் கொடுக்கும் நேரத்தில் அதுவே திரையும் ஆகும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதுமானது. கோடையிலும் தனியே தண்ணீர் தர வேண்டியதில்லை; பாலையே அடிக்கடி கொடுத்தால் போதும் என்பது மருத்துவர்கள் சொல்வது. ஆதலால் அந்த வயதுக் குழந்தையோடு போவதுதான் மூட்டை குறைந்த பிரயாணம். கஞ்சியும் பருப்புச் சாதமும் தொடங்கிய பின் கிண்ணம், கரண்டி, காய்ச்சி ஆறிய நீர் என்று சுமை கூடிவிடும்.

சொற்களைப் பற்றியும் கூற வேண்டும். வங்காள மொழி நாம் அஞ்சும் அளவுக்கு அயலானது அன்று. தண்ணீர் 'ஜோல்', நம் பாட்டிமார் ஜலம் என்றதுதான். வெந்நீர் 'கொரோம் ஜோல்'. காய்ச்சல் 'ஜோர்', நம் சுரமே அது. பால் 'துத்'. எவ்வளவு என்பதற்கு 'கொதோ'. 'ஏகானே நாம்போ' என்றால் இங்கே இறங்குகிறேன் என்று பொருள். நாம் தங்கமே என்று கொஞ்சுவதுபோல அவர்கள் 'ஷோனா' என்று கொஞ்சுகிறார்கள். அதற்கும் பொன் என்பதே பொருள். முதல் ஞாயிறு பேருந்திலிருந்து இறங்கும்போது நடத்துநர் தகரத்தைத் தட்டி ஓட்டுநருக்கு ஏதோ கூவினார். "ஆஸ்தே லேடீஸ், கோலே பாச்சா!" பக்கத்திலிருந்தவரிடம் பொருள் கேட்டோம். 'மெதுவாக! பெண்மணி இறங்குகிறார், மடியில் குழந்தை' என்பதாம். கைக்குழந்தையோடு இறங்கும் பெண்களுக்காக இந்நகரத்துப் பேருந்துகளில் நெடுங்காலமாக ஒலித்துவரும் கூவல் அது.

இனி இடங்களுக்கு வருவோம். முதலில் தென் கொல்கத்தாவின் ரவீந்திர சரோவர். 1920-களில் சதுப்பு நிலத்தைத் தோண்டி உண்டாக்கிய இந்த ஏரிக்கு 1958-இல் மகாகவி ரவீந்திரநாதரின் பெயரை இட்டார்கள். கரை முழுதும் மரநிழல். குளிர்காலத்தில் தொலைதூரப் பறவைகளும் வருவதுண்டு. குழந்தையைப் புடவையில் கிடத்திவிட்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம். அங்கிருந்து நடக்கும் தொலைவில் லேக் மார்க்கெட். நம்மவர் பல தலைமுறைகளாகக் குடியிருந்துவரும் பகுதியாதலால் வாழையிலை, கறிவேப்பிலை, அப்பளம், காப்பித்தூள் எல்லாம் அங்கே கிடைக்கும். புதிதாக வந்த தாய்க்குப் பொருளைக் காட்டிலும் அங்கே காதில் விழும் தமிழ் பெரிது. கறிவேப்பிலை விற்கும் பெண்மணி வங்காளியாயினும், 'கறிவேப்பிலை' என்ற சொல் அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று துணைவியார் பேரம் பேசிய குரலில் பொன்மலைச் சந்தையின் சாயல் இருந்ததைக் கேட்டு நாம் உள்ளூர மகிழ்ந்தோம்.

அடுத்தது அலிப்பூர் மிருகக்காட்சிசாலை. 1876-இல் திறக்கப்பட்டது. வியாழக்கிழமை விடுமுறை. இங்கே வாழ்ந்த அத்வைதா என்ற ஆமை 2006-இல் இறந்தபோது அதற்கு 250 வயது இருக்கலாம் என்று பேசப்பட்டது. மார்கழி ஞாயிறுகளிலும் கிறிஸ்துமஸ் நாளிலும் ஊர் முழுவதும் சோற்றுமூட்டையோடு இங்கே திரண்டுவிடும். கைக்குழந்தைக்காரர்கள் அந்நாட்களைத் தவிர்ப்பது நலம். நாம் மாசி மாதச் சனிக்கிழமை காலையில் போனோம். புலியை நம் குழந்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. கூண்டுக்கு வெளியே இருந்த காக்கையைக் கண்டுதான் கைகொட்டிற்று. நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த காசு வீணென்று யாரும் வருந்த வேண்டாம். காக்கை பார்க்கவும் ஓர் இடம் வேண்டுமன்றோ?

கார்டன் ரீச்சுக்கு நேர் எதிரே, கங்கைக்கு அக்கரையில், சிப்பூர் தாவரவியல் பூங்கா இருக்கிறது. 1787-இல் நிறுவப்பட்ட அதற்கு இப்போது ஆசார்ய ஜகதீச சந்திர போஸின் பெயர் வழங்குகிறது. பரப்பு ஏறத்தாழ 270 ஏக்கர். உள்ளே போனால் நேரே அந்தப் பெரிய ஆலமரத்தைத் தேடிப் போகவேண்டும். வயது 250-க்கு மேல் என்கிறார்கள். 3,000-க்கும் மேற்பட்ட விழுதுகள் தரையில் ஊன்றி நிற்க, தூரத்தில் பார்ப்பவர்களுக்கு அது மரமாகத் தோன்றாது, தோப்பாகத் தோன்றும். ஆனால் விந்தை என்னவென்றால், அந்த மரத்துக்கு அடிமரம் இல்லை! புயல்களில் அடிபட்டு, காளான் நோய் பற்றி அழுகியதால் 1925-இல் அதன் தாய்த் தண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். விழுதுகளின் பலத்திலேயே மரம் இந்த நூறு ஆண்டுகளாகத் தளிர்த்துக்கொண்டிருக்கிறது. இந்த விவரத்தைத் துணைவியாரிடம் கூறியபோது, அவர் சற்று நேரம் மரத்தையும் மடியிலிருந்த குழந்தையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாமும் ஒன்றும் சொல்லவில்லை. ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்த மரத்தடியில் யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

ஆற்றைப் படகில் கடப்பதும் ஓர் உலாதான். ஹௌராவிலிருந்து பாபு காட்டுக்குப் போகும் மோட்டார்ப் படகில் ஏறினால், 1943-இல் திறந்த ஹௌரா பாலத்தை ஆற்றின் நடுவிலிருந்து முழுமையாகப் பார்க்கலாம். திருகாணி இன்றி, தறையாணிகளைக் கொண்டே இணைக்கப்பட்ட பாலம் அது. இங்கே தாய்மாருக்கு ஒரு குறிப்பு: ஹூக்ளியில் கடலின் ஏற்ற வற்றம் உண்டு. வெள்ளம் ஏறியிருக்கும்போது கரையிலிருந்து படகுத்துறைக்கு இறங்கும் பாலம் சமமாக இருக்கும். வற்றியிருக்கும்போது செங்குத்தாகச் சரிந்துவிடும். அப்போது குழந்தையைத் தூக்கியிருப்பவர் முன்னே போகாமல், ஒருவர் முன்னே இறங்கிக் கை கொடுக்க வேண்டும்.

திரும்பும்போது மெட்ரோவில் வரலாம். இந்தியாவில் முதன்முதலாக மெட்ரோ இரயில் ஓடியது இந்த ஊரில்தான். நாள் 1984 அக்டோபர் 24. 2024 மார்ச்சு முதல் அது எஸ்பிளனேடுக்கும் ஹௌரா மைதானத்துக்கும் இடையே ஆற்றின் அடியிலும் ஓடுகிறது. ஏறத்தாழ 520 மீட்டர் நீள நீரடிச் சுரங்கத்தை வண்டி முக்கால் நிமிடத்தில் கடந்துவிடும். மேலே அரை மணி நேரம் காத்திருந்து படகில் கடந்த அதே ஆறு! இரயில்வே ஊழியர் என்ற முறையில் நாம் சற்றுப் பெருமையோடு இதை விளக்கத் தொடங்கியபோது, குழந்தை உறங்கிவிட்டிருந்தது. துணைவியாரோ எந்த வாசல் வழியாக ஏறினால் எந்தத் தெருவில் கொண்டுபோய் விடும் என்று பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

எல்லா இடத்திலும் எல்லாரும் அன்பு காட்டினார்கள் என்று எழுதினால் அது உண்மையாகாது. பெரிய கட்டடம் ஒன்றில், பசித்து அழுத குழந்தைக்குப் பால் கொடுக்கத் துணைவியார் ஒரு மூலையில் உட்கார, காவலர் வந்து இங்கே கூடாது என்று எழுப்பிவிட்டார். பெயர் சொல்லப் போவதில்லை. வெளியே நடைபாதையில் பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, கேட்காமலே தம் கோணியை நகர்த்தி இடம் கொடுத்து, வழிப்போக்கர் பார்வை படாதபடி முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டார். ஊர் என்பது கட்டடமா பூக்காரியா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் பால் கொடுக்கும் தாய்மார்க்கு எங்கே இடம் உண்டு, எங்கே இல்லை என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது அவசியம். பெரிய இரயில் நிலையங்களில் பெண்கள் காத்திருப்பு அறை இருக்கிறது. பிரயாணச் சீட்டு கையில் இருந்தால் அங்கே தயக்கமின்றிப் போகலாம்.

குழந்தை உடன் வந்தால் பிரயாணம் கெட்டுப்போகும் என்று நினைப்பவர் பலர். நம் அனுபவம் வேறு. பெரியவர்கள் இருவர் மட்டும் போனால் இந்தப் பெருநகரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கையில் ஒரு குழந்தை இருந்துவிட்டால் வரிசையில் நிற்பவரும், படகில் எதிரே இருப்பவரும், மீன்காரரும், மாணவரும், "எத்தனை மாதம்? பெயர் என்ன?" என்று பேச்சைத் தொடங்குகிறார்கள். மொழி தெரியாதவளுக்கு மொழி கற்பிக்க மனமுவந்து வரும் ஆசிரியர்கள் அவர்கள். எதிர்வீட்டு மூதாட்டியோடு உறவு ஏற்பட்டதும் அவ்வாறுதான். படிக்கட்டில் குழந்தையைக் கண்டு 'ஷோனா' என்றவர், நமக்கு மாசிமா ஆனார். துணைவியாரை 'பௌமா', அதாவது மருமகளே என்று அழைக்கலானார்.

வங்காளத்தில் பெண்குழந்தைக்கு ஐந்தாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ முதற்சோறு ஊட்டுவார்கள். 'முகே பாத்' என்பது அச்சடங்கின் பெயர். பாயசத்தைத் தாய்மாமன் ஊட்டுவது வழக்கம். நம்மிலும் அன்னம் ஊட்டுவதற்குத் தாய்மாமன் மடி உண்டே! நம் குழந்தையின் மாமனோ திருச்சியில் இருந்தார். ஏழாம் மாதத்தில் ஒரு ஞாயிறு, மாசிமா தம் மகனை அழைத்து வந்து, "இன்றைக்கு இவன்தான் மாமன்" என்று மணையில் உட்கார்த்தினார். பாயசம் அவர் வீட்டில் காய்ச்சியது. பருப்பும் நெய்யும் கலந்த சாதம் நம் வீட்டில் வடித்தது. திருச்சியிலிருந்த மாமனும் பாட்டியும் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று மாமியார், "ஊருக்கு எப்போது?" என்று கேட்கவில்லை. அதை நாம் கவனித்தோம்.

பங்குனியில் ஒரு மாலை, வழக்கத்துக்கு மாறாக நான்கு மணிக்குமேல் பிரின்செப் காட்டில் இருந்தோம். அசோகனின் கல்வெட்டு எழுத்தைப் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப்பின் நினைவாக 1840-களில் ஆற்றங்கரையில் எழுப்பிய தூண்மண்டபம் அது. 1992-இல் திறந்த இரண்டாவது ஹூக்ளிப் பாலம் அதற்கு மேலே வானத்தில் செல்கிறது. திடீரென்று வடமேற்கே வானம் கறுத்தது. கோடையில் பிற்பகலிலும் மாலையிலும் இவ்வாறு பாய்ந்து வரும் புயற்காற்றுக்கு வங்காளிகள் 'கால்பைசாகி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புழுதி, பிறகு காற்று, பிறகு கல் எறிவதுபோல மழை. எல்லாரும் தூண்களிடையே ஓடி ஒண்டினோம். குழந்தை வீறிட்டு அழுதது. முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் தம் முந்தானைகளைச் சேர்த்துப் பிடித்துச் சாரலை மறைத்தார்கள். துணைவியார் அவர்களிடம் எதோ சொல்ல, அவர்கள் சிரிக்க, அந்த இடிமுழக்கத்தில் மூவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அரை மணியில் மழை நின்று, வெப்பம் தணிந்து, ஊர் கழுவி வைத்ததுபோல் ஆயிற்று. வீடு திரும்பும் வழியில்தான் நமக்கு உறைத்தது: அத்தனை நேரமும் அவர் வங்காளியில் பேசியிருக்கிறார், நம்மை ஒரு சொல் கேட்கவில்லை.

சித்திரைப் பிறப்புக்கு முந்தின வாரம். குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்தது. ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி போட வேண்டும். ஊசி போடும் நாள் புதன்கிழமை. நமக்கோ ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை. விடுப்புக் கேட்கும் நிலை இல்லை. "ஒரு வாரம் தள்ளிப்போடலாமா?" என்று கேட்டோம். "எதற்கு? அட்டையை எடுத்துக் கொடுங்கள்" என்றார் துணைவியார்.

அன்று பகல் முழுதும் பேரேட்டில் எண்கள் நம் கண்ணில் நிற்கவில்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. மாலையில் வீடு வந்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அடுக்களையில் கறிவேப்பிலை தாளிக்கும் மணம். காப்பியை நீட்டியபடியே துணைவியார் நடந்ததைச் சொன்னார். ஊசி போட்டாயிற்று. திரும்பும்போது நடுவழியில் ஊர்வலம் ஒன்று வந்துவிட்டது. 'மிச்சில்' என்று இங்கே சொல்வார்கள். பேருந்து நகரவில்லை; எல்லாரும் இறங்கத் தொடங்கினார்கள். சன்னல் வழியே பார்த்தால், இரண்டாம் ஞாயிறு நடந்த தெருவின் முனை தெரிந்தது. "ஏகானே நாம்போ" என்று எழுந்தாராம். நடத்துநர் தகரத்தைத் தட்டி, "ஆஸ்தே லேடீஸ், கோலே பாச்சா!" என்று கூவினாராம்.

"நின்றுகொண்டிருந்த பேருந்துதானே, அதற்கு எதற்கு அந்தக் கூவல்?" என்று நாம் கேட்டோம்.

"பழக்கம்தான். ஆனால் இன்றைக்கு அது எனக்கென்றே கூவினது" என்றார் அவர்.

தெருவைக் கடந்து, பங்கு ஆட்டோ பிடித்து, வழியில் லேக் மார்க்கெட்டில் இறங்கிக் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறார். இரவு குழந்தைக்கு உடம்பு சற்றுச் சுட்டது. ஊசிக்குப் பின் அது வருவதுதான் என்று செவிலி சொல்லியிருந்தாலும், 'ஜோர்' என்ற சொல் கேட்டவுடன் மாசிமா வந்து பத்து மணி வரை உட்கார்ந்திருந்தார். சித்திரை முதல் நாள் வந்தது. மாங்காய்ப் பச்சடியோடு போயிற்று. பாஸ் எழுதும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வைகாசியில் மாமியாரே வண்டி ஏறி வந்தார். அவரை ஆலமரத்துக்கும் காளிகட்டத்துக்கும் அழைத்துப் போனது நாம் இல்லை, அவர் மகள். நாம் அந்த நாட்களில் அலுவலகத்தில் இருந்தோம்.

ஆகவே, கேட்ட அன்பர்களுக்கு நாம் கூறக்கூடியது இதுதான். கொல்கத்தாவானாலும், தில்லியானாலும், நாகபுரியானாலும், வந்த முதல் மாதத்திலேயே ஞாயிறுகளைத் தொடங்கிவிடுங்கள். குழந்தை வளரட்டும் என்று காத்திருந்தால், குழந்தை வளரும். தாயின் தயக்கமும் கூடவே வளரும். குழந்தையைத் தகப்பன் தூக்கட்டும். பணப்பையைத் தாய் வைத்திருக்கட்டும். சீட்டு வாங்குவதும், வழி கேட்பதும், இறங்குமிடம் சொல்வதும் அவர் பொறுப்பாகட்டும். ஒரே இடத்துக்கு இரண்டாம் முறை போக வெட்கப்படாதீர்கள். இரண்டாம் முறைதான் தெரு நினைவில் நிற்கும். தாய் சேய் அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். ஒரு மாநிலத்தில் தொடங்கிய ஊசியை வேறு மாநிலத்தில் தொடர அதுவே அத்தாட்சி. ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு இரயிலில் தனிப் படுக்கை கேட்காதவரை கட்டணம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்; பக்கத்து ஊர்களுக்கும் போகலாம்.

இங்கே பல்லாண்டு வாழ்ந்து ஊரை அறிந்த சங்கத்துச் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் புதிதாக ஒரு கைக்குழந்தைக்காரி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டால், தீபாவளி விழாவில் சந்திக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். வருகிற புதன்கிழமை அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "கடைக்குப் போகிறேன், வருகிறாயா அம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமையை அவர் கணவர் பார்த்துக்கொள்வார்.